ஒரு வரித் திருத்தமும் கூட்டுறவே

தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், கணிப்பொறியின் முன் அமர்ந்து அதற்குக் கட்டளை எழுதுபவருக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும் என்று நம் அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். நம் இல்லங்களில் இன்று பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். அவர்களுள் பலர் கணிப்பொறிக் கல்வி பயில்கிறார்கள். மாலையில் வீடு திரும்பியதும் நெடுநேரம் எதையோ தட்டெழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது என்னவென்று கேட்க நமக்குத் தயக்கம். விளக்கிச் சொல்ல அவர்களுக்குத் தயக்கம். இத்தயக்கத்தை ஓரளவேனும் நீக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

மற்றொரு நோக்கமும் உண்டு. உலகின் மிகப் பெரிய மென்பொருள்களுள் ஒன்று, கூட்டுறவை ஒத்ததொரு முறையில், 30 ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வருகிறது. அதனுள் புதியவர் ஒருவர் எவ்விதம் நுழைகிறார், அவர் வேலையை மற்றவர்கள் எவ்விதம் சோதிக்கிறார்கள், சோதிக்கத் தவறினால் என்ன நேரிடுகிறது என்பவற்றை அறிந்துகொள்வது சங்கம் நடத்தும் நமக்கும் பயன்படும்.

அட்டையில் தொடங்கிய கதை

முதலில் நமக்குத் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குவோம். பிரான்சு நாட்டின் லியோன் நகரில், 1804-ஆம் ஆண்டை ஒட்டி, ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் பொறியைச் செப்பஞ்செய்தார். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. உண்டு, இல்லை என்னும் இரண்டே விடைகளை வரிசைப்படுத்தினால் எத்தகைய பூவையும் கொடியையும் துணியில் கொணரலாம் என்பதை உலகுக்கு அவ்வட்டைகள் காட்டின. பின்னர், 1830-களில், இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் அறிஞர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளைகளை ஊட்ட இதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். அப்பொறி முற்றுப்பெறவில்லை. ஆயினும், அது கணக்கிடவேண்டிய முறையை ஏடா லவ்லேஸ் என்னும் பெண்மணி 1843-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அவ்வெழுத்தை இன்று போற்றுகின்றனர். ஆகவே, இக்கலை நெசவாளருக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை.

அட்டை வெட்டுபவர் ஒரு துளையைத் தவறாக இட்டால், தறி அத்தவற்றை நயமாகத் திருத்திக்கொள்ளாது. தவற்றையே அப்படியே நெய்துவிடும். கணிப்பொறியும் அத்தகையதே. இஃதொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

சி என்னும் மொழி

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொடரை நிரல் என்கிறோம். நிரல் எழுதப் பல மொழிகள் உள்ளன. அவற்றுள் சி என்பது சுருக்கமான பெயரும் நீண்ட ஆயுளும் உடையது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த டென்னிஸ் ரிச்சி அதை 1972-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அவரும் கென் தாம்ஸனும் அங்கே அமைத்த யூனிக்ஸ் என்னும் இயக்கமுறை 1973-இல் இம்மொழியிலேயே திருத்தி எழுதப்பட்டது. பிரையன் கெர்னிகனும் ரிச்சியும் சேர்ந்து எழுதிய பாடநூல் 1978-இல் வெளிவந்தது. 1989-இல் அமெரிக்கத் தரக் கழகம் இம்மொழிக்கு இலக்கணம் வகுத்தபோது, அதற்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் 32 மட்டுமே. இவ்வளவு சிறிய சொற்கோவையைக் கொண்டு இயந்திரத்தின் அடிமட்டம் வரை சென்று ஆள முடிவதே இம்மொழியின் வலிமை. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

இம்மொழியைக் கற்கத் தொடங்குபவர் முதல் நாளில் திரையில் ஒரு வணக்கச் சொல்லை அச்சிட வைப்பார். இதுவே மேற்சொன்ன பாடநூலின் முதற் பயிற்சி. எழுதிய நிரலைக் கம்பைலர் என்னும் கருவியிடம் கொடுத்தால், அது இயந்திரம் அறியும் வடிவத்துக்கு அதை மாற்றித் தரும். ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலும் கம்பைலர் ஏற்காது. தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும். போகப்போக, அது காட்டும் எச்சரிக்கை ஒவ்வொன்றும் நம் நன்மைக்கே என்று புரியும். எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டுமாறு கம்பைலருக்குச் சொல்லி வைப்பதும், ஒன்றையும் அலட்சியம் செய்யாதிருப்பதும் நல்ல மாணவரின் முதற் பழக்கங்கள்.

கம்பைலர் பிடிக்காத பிழைகளே கடினமானவை. மூன்றை மட்டும் இங்கே சொல்வோம். முதலாவது, எண்ணும் முறை. பத்துப் பெட்டிகளை வரிசையாக வைத்தால் சி மொழியில் அவற்றின் எண்கள் 0 முதல் 9 வரை. பத்தாம் எண்ணுள்ள பெட்டி என்பது நம்முடையதன்று, அடுத்தவருடையது. ஆனால் அதில் கை வைக்காதே என்று மொழி நம்மைத் தடுப்பதில்லை. எல்லை அறிந்து நிற்கவேண்டியது எழுதுபவரின் பொறுப்பு.

இரண்டாவது, சுட்டி. கிடங்கில் நூல் சிப்பம் இருக்கிறது. நம் கையில் அதன் இடத்தைக் குறித்த சீட்டு இருக்கிறது. சீட்டு வேறு, சிப்பம் வேறு. சீட்டைப் படி எடுத்தால் சிப்பம் இரண்டாகிவிடாது. சீட்டில் ஒன்றும் எழுதாமலே கிடங்குக்குச் சென்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். புதியவர்கள் வாரக்கணக்கில் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

மூன்றாவது, கடன் வாங்கிய இடத்தைத் திருப்பித் தருதல். நினைவகத்தில் இடம் வேண்டுமென்று கேட்டு வாங்கலாம். வேலை முடிந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைக்க மறந்தால் கிடங்கு சிறிது சிறிதாக நிரம்பி, ஒருநாள் யாருக்கும் இடம் இராது. ஒப்படைத்த பின்னும் பழைய சீட்டை வைத்துக்கொண்டு எடுக்கச் சென்றால், அதற்குள் அங்கே வைக்கப்பட்ட வேறொருவர் சரக்கைக் கெடுத்துவிடுவோம். சி மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுள் பல, எல்லை மீறுதல், பழைய சீட்டைப் பயன்படுத்துதல் ஆகிய இவ்விரண்டு வகையைச் சேர்ந்தவை.

லினக்ஸ் என்னும் பொதுச் சொத்து

இந்த மூன்று பாடங்களையும் ஆறு மாதம் பழகிய மாணவர் அடுத்து என்ன செய்யலாம்? தானே சிறு கணக்குகளை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதனினும் மேலான வழி, பலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கும் பெரிய நிரலைப் படித்து, அதில் ஒரு சிறு திருத்தத்தைச் செய்து, அதைத் தேர்ந்தவர்கள் கண்முன் வைப்பதாகும். அதற்குத் திறந்த வாயில் ஒன்று உண்டு. அதன் பெயர் லினக்ஸ்.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயக்கமுறையை எழுதிவருவதாக 25 ஆகஸ்ட் 1991 அன்று பிறருக்கு அறிவித்தார். பொழுதுபோக்காகவே அதைத் தொடங்கினார். அடுத்த மாதம் வெளிவந்த முதல் வடிவில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. இன்று அதில் 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகள் உள்ளன. ரஸ்ட் என்னும் புதிய மொழிக்கும் 2022 டிசம்பர் முதல் அதில் இடம் தரப்பட்டிருக்கிறது. எனினும் மிகப் பெரும்பகுதி சி மொழியே. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவதும், உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளில் 2017 நவம்பர் முதல் இயங்கிவருவதும் இந்த லினக்ஸே. இயந்திரத்தையும் மற்ற நிரல்களையும் இணைத்து நிற்கும் நடுப்பகுதி இது. இதனைக் கெர்னல் என்பர்.

தனி மாணவர் ஒருவர் எழுதியது இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எவ்விதம்? 1992-இல் அவர் அதை ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். இவ்வுரிமம் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் வகுத்தது. மென்பொருளை யாவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்குபவர், திருத்திய மூலத்தையும் அதே உரிமையுடன் வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். சங்கத்துப் பூமாதிரிப் புத்தகத்திலிருந்து ஒரு மாதிரியை எடுத்து மேலும் அழகாக்கி விற்பனைக்கு விடுபவர், அழகாக்கிய மாதிரியையும் புத்தகத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும் என்று நாம் ஒரு விதி செய்தால் எப்படியோ, அப்படி. பெரிய நிறுவனங்களும் இவ்விதிக்கு உட்பட்டே லினக்ஸைப் பயன்படுத்துகின்றன. இன்று அதில் வேலை செய்பவருள் பெரும்பாலோர் அத்தகைய நிறுவனங்களில் ஊதியம் பெறுபவரே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை லினக்ஸின் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் ஏறத்தாழ 2,000 பேரின் உழைப்பு சேர்கிறது. அவர்களுள் 200 பேருக்குக் குறையாதவர்கள் அப்போதுதான் முதன்முறையாகத் தம் வேலையைச் சேர்ப்பவர்கள். ஆண்டுக்கு ஐந்தாறு முறை இவ்விதம் புதிய கைகள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர்.

முதல் திருத்தம்

புதியவரின் முதல் திருத்தம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். விளக்கக் குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை. எங்கும் பயன்படாத ஒரு மாறி. இடம் கேட்டபோது கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமல் சென்றுவிட்ட ஓர் இடம். இத்தகைய பயிற்சிக்கு ஏற்றதாக லினக்ஸில் ஸ்டேஜிங் என்னும் தனிப் பகுதி 2008-இல் ஏற்படுத்தப்பட்டது. இன்னும் தரம் எட்டாத சாதன நிரல்கள் அங்கே வைக்கப்பட்டு, படிப்படியாகச் செப்பனிடப்படுகின்றன. மெருகேறாத துணியைத் தனியே வைத்துப் பழகுநரிடம் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது.

வேலை நடக்கும் முறை வருமாறு: கிட் என்னும் கருவியைக் கொண்டு மூலம் முழுவதையும் தம் கணிப்பொறிக்குக் கொண்டுவர வேண்டும். இக்கருவியையும் டோர்வால்ட்ஸே 2005-இல் இவ்வேலைக்காக உருவாக்கினார். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதை அது பேரேடு போலக் காத்துவைக்கிறது. பின்னர் மூலத்தைத் தொகுத்து இயக்கிப் பார்க்க வேண்டும். அதன் பின்னரே திருத்தம். ஒரு திருத்தத்தில் ஒரு காரியம் மட்டுமே இருக்கவேண்டும் என்பது கண்டிப்பான விதி. இரண்டு பிழைகளைக் கண்டால் இரண்டு திருத்தங்களாகவே அனுப்ப வேண்டும். தனித்தனியே சோதிக்கவும், தவறானதை மட்டும் திரும்ப எடுக்கவும் இது வசதி.

திருத்தத்துடன் அதற்கான காரணத்தையும் சில வாக்கியங்களில் எழுதவேண்டும். என்ன மாற்றினேன் என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாற்றினேன் என்பதைத்தான் கடிதம் சொல்லவேண்டும். எழுத்து நடைக்கும் விதிகள் உண்டு. ஓரம் விடுவதற்கு எட்டு எழுத்து அகலம். ஒன்றனுள் ஒன்றாக மூன்று அடுக்குக்கு மேல் சென்றால் நிரலையே திருத்தி அமைக்க வேண்டும் என்பது அறிவுரை. இவ்விதிகளைச் சரிபார்க்கச் சிறு கருவி ஒன்றும் கூடவே தரப்படுகிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பாளர் என்ற பட்டியலும் மூலத்துடனேயே இருக்கிறது.

கடிதத்தின் இறுதியில் அனுப்புபவர் தம் பெயரிட்டு ஒப்பமிட வேண்டும். இது 2004-இல் வந்த ஏற்பாடு. இவ்வேலை என்னுடையது, அல்லது இதை வழங்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் ஒப்பம் அது. பிறர் எழுதியதைத் தமதென்று தருவதும், இக்காலத்தில் எளிதாகிவிட்டபடி இயந்திரம் எழுதித் தந்ததைத் தாம் புரிந்துகொள்ளாமலே அனுப்புவதும் இவ்வொப்பத்தின் பொருளைக் கெடுப்பனவாகும்.

திருத்தம் மின்னஞ்சல் மூலம் பொறுப்பாளருக்கும் அப்பகுதியில் பழகிய மற்றவர்களுக்கும் ஒருங்கே செல்கிறது. பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு வாரமாவது பொறுத்த பின்னரே நினைவூட்டலாம் என்பது வழக்கம். விடை வரும்போது அது பாராட்டாக இருப்பது அரிது. காரணத்தைத் தெளிவாக எழுதுக என்பார் ஒருவர். இதே தவறு கீழே இன்னோரிடத்திலும் உள்ளதே என்பார் மற்றொருவர். மாணவர் திருத்தி, இரண்டாம் வடிவம் என்று குறித்து மீண்டும் அனுப்புவார். மூன்றாம், நான்காம் வடிவமும் தேவைப்படலாம். இறுதியில் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டு தம் ஒப்பத்தையும் சேர்ப்பார். சோதித்தவர் பெயரும், குறையை முதலில் சொன்னவர் பெயரும் அதே இடத்தில் பதிவாகும். இவ்விதம் பொறுப்பாளர் பலரைக் கடந்து அது டோர்வால்ட்ஸின் மூலத்தை அடையும். ஒரே எழுத்தைத் திருத்தியவராயினும் அவர் பெயர் அப்பேரேட்டில் நிலைத்து நிற்கும்.

இக்கண்டிப்பு சில வேளைகளில் கடுஞ்சொல்லாக மாறியதும் உண்டு. டோர்வால்ட்ஸே தம் கடுமையான மொழிக்காக 2018 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அதே மாதத்தில் நடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. வேலையைக் குறை கூறலாம், ஆளை இழிவுபடுத்தலாகாது என்னும் எல்லையை அவர்களும் தாமதமாகவே கற்றார்கள். நம் பொதுக்குழுக் கூட்டங்களில் பேசுவோரும் இதை நினைவிற் கொள்ளலாம்.

சரிபார்ப்பவர் இல்லாவிடில்

இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்பவருக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லவேண்டும். இரண்டும் லினக்ஸ் கெர்னலுக்கு வெளியே, அதைப் போலவே பொதுச் சொத்தாக உள்ள வேறு மென்பொருள்களில் நடந்தவை; இரண்டும் உலகையே அச்சுறுத்தியவை.

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் செல்லும் இரகசியச் செய்திகளைப் பூட்டி அனுப்பும் மென்பொருள். வங்கிகளும் கடைகளும் அதை நம்பியிருந்தன. அதில் சேர்ந்த ஒரு புதிய வசதியில் ஒரு பிழை புகுந்து, 2012 மார்ச்சில் வெளியான பதிப்புடன் உலகெங்கும் பரவியது. பிழை யாதெனில், ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்குச் சிறு செய்தியை அனுப்பி, இதைத் திருப்பிச் சொல், இதன் நீளம் இவ்வளவு என்று கூறும். எதிர்ப்பக்கம் அந்நீளத்தை அளந்து பார்க்காமலே நம்பியது. இரண்டு முழத் துணியைக் கொடுத்துவிட்டு, அறுபது முழம் கொடுத்தேன், திருப்பித் தா என்று கேட்பவருக்கு, பக்கத்து அலமாரியிலிருந்த பிறர் துணியையும் சேர்த்து அளந்து கொடுத்தது போல, நினைவகத்தில் அடுத்திருந்த 64,000 எழுத்துகள் வரை அது எடுத்துக் கொடுத்தது. அவற்றில் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும். 7 ஏப்ரல் 2014 அன்று இது வெளிப்பட்டது. ஹார்ட்பிளீடு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். திருத்தம் சில வரிகளே: நீளத்தைச் சரிபார்.

சி மொழி மாணவருக்கு முதல் மாதத்தில் சொல்லப்படும் பாடம் இது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் அறியாதவரல்லர், படித்து ஏற்றவரும் அறியாதவரல்லர். ஆனால் உலகம் முழுவதும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே என்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. பயன் பெற்றவர் பல கோடிப் பேர்; படித்துப் பார்த்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அதன் பின்னரே பெரிய நிறுவனங்கள் சேர்ந்து இத்தகைய பொது மென்பொருள்களுக்கு நிதி ஒதுக்க முன்வந்தன.

இரண்டாவது நிகழ்ச்சி பிழையன்று, சூழ்ச்சி. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி அடக்கும் சிறு மென்பொருள். பல ஆண்டுகளாக ஒருவரே ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் அதைக் காத்துவந்தார். 2021 முதல் புதியவர் ஒருவர் அங்கே திருத்தங்களை அனுப்பலானார். அவை பயனுள்ளவையாகவே இருந்தன. 2022-இல் வேறு சிலர், வேலை தாமதமாகிறது, பொறுப்பைப் பகிர்ந்து கொடுங்கள் என்று காப்பாளரை நெருக்கினர். சோர்ந்திருந்த அவர், உதவிக்கு வந்தவரை நம்பிப் பொறுப்பைப் பகிர்ந்தார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான இரு பதிப்புகளில், பிறர் கணிப்பொறிக்குள் கள்ளத்தனமாக நுழைய ஒரு புறவாயில் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. வேறொரு மென்பொருளில் உழைத்துவந்த ஆண்ட்ரெஸ் பிராயண்டு என்பவர், தம் கணிப்பொறியில் உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி அதிகமாவதைக் கண்டு, அது ஏன் என்று விடாமல் தேடினார். 29 மார்ச் 2024 அன்று உண்மையை வெளியிட்டார். பெரும்பாலான கணிப்பொறிகளுக்கு அப்பதிப்பு சென்று சேருமுன்னே தடுக்கப்பட்டது. புதியவராக வந்தவர் உண்மையில் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை.

இதிலிருந்து, புதியவரை உள்ளே விடலாகாது என்னும் முடிவுக்கு வருவது தவறு. அரை விநாடியைக் கவனித்தவரும் அம்மென்பொருளுக்குப் புறத்தே இருந்தவரே. மூலம் எல்லோர் பார்வைக்கும் திறந்திருந்ததால்தான் அவரால் அவ்வளவு விரைவில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. குறை எங்கே என்றால், ஊர் முழுவதும் நீர் பாய்ச்சும் ஏரியின் கரையை ஒருவர் தலையில் விட்டுவிட்டதில்தான். நம் நாட்டில் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்ததை விவசாய அங்கத்தினர்கள் அறிவார்கள். பாசனம் பெறும் ஒவ்வொரு குடியும் ஆள் அனுப்பி வாய்க்காலைத் தூர்வாரியது. கரையைப் பலரும் நடந்து பார்த்தார்கள். அவ்விதம் பார்ப்பவர் குறைந்த இடத்தில் கசிவு தெரியாது. சங்கத்தின் கணக்கை ஒருவரே எழுதி, ஒருவரே சரிபார்த்து, ஒருவரே பணப்பெட்டிச் சாவியையும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் நல்லவராக இருந்தாலும் ஒருநாள் சோர்வார்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

லினக்ஸைக் கூட்டுறவுச் சங்கம் என்றே சொல்லிவிடலாமா? முழுவதும் அவ்விதம் சொல்லலாகாது. இங்கிலாந்தின் ராக்டேல் ஊரில் 1844-இல் 28 பேர் கூடிச் சங்கம் கண்டபோது, அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். அவர்கள் வழிவந்த நமக்கு ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அடிப்படை. லினக்ஸில் வாக்கெடுப்பு இல்லை. பகுதிப் பொறுப்பாளர் ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். இறுதிச் சொல் டோர்வால்ட்ஸுடையது. இலாபப் பங்கும் இல்லை.

இதற்கு மாற்றாக அங்கே இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, எல்லா நடவடிக்கையும் எல்லோருக்கும் தெரிய நடப்பது. ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுத்தில் இருப்பது. மற்றொன்று, பிரிந்து செல்லும் உரிமை. பொறுப்பாளர் முறைகேடாக நடந்தால், மூலத்தைப் படி எடுத்துக்கொண்டு எவரும் தனியே நடத்தலாம். பொது உரிமம் அதற்கு இடந்தருகிறது. இவ்வுரிமை இருப்பதே பொறுப்பாளரை நேர்மையில் நிறுத்துகிறது. வாக்கு நம் வலிமை. திறந்த ஏடு அவர்கள் வலிமை. திறந்த ஏட்டை நாமும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டால் நமக்கு நட்டமில்லை.

நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு

இனி, இவ்வழியில் செல்ல விரும்பும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓரளவு பழைய கணிப்பொறியும் போதும். கெர்னல் முழுவதையும் தொகுக்க அதற்குச் சற்று அதிக நேரம் ஆகும், அவ்வளவே. ஜிசிசி என்னும் கம்பைலர் 1987-இல் வெளிவந்து இன்றுவரை விலையின்றிக் கிடைக்கிறது. கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடந்தாலும் அணிகலன் பூண்ட ஆங்கிலம் அங்கே வேண்டுவதில்லை. குற்றமற்ற சிறு வாக்கியங்கள் போதும். உலகின் பல நாட்டாரும் தத்தம் தாய்மொழி வாசனையுடன்தான் அங்கே எழுதுகிறார்கள். சீன, ஜப்பானிய, கொரிய, இத்தாலிய, ஸ்பானிய மொழியினர் லினக்ஸின் விதிமுறைகளைத் தம் மொழிகளில் பெயர்த்து மூலத்துடனேயே சேர்த்திருக்கின்றனர். மொழிபெயர்ப்பும் அங்கே மதிக்கப்படும் தொண்டு என்பதைத் தமிழ் கற்ற பிள்ளைகள் கவனிக்கலாம்.

முதல் ஆறு மாதத்தில் பணம் வரும் என்று எதிர்பார்க்கலாகாது. புதியவருக்கு வழிகாட்டியும் உதவித்தொகையும் அளிக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் கோடைப் பயிற்சி அவற்றுள் ஒன்று. ஆயினும் உடனடியாகக் கிடைப்பது வேறு: தேர்ந்தவர் பலர் நம் வேலையைப் படித்துக் குறை சொல்லும் பேறு. பெருங்கட்டணம் வாங்கும் கல்லூரியிலும் அது எளிதில் கிடைப்பதில்லை. வேலை தேடிச் செல்லும் நாளில், சான்றிதழ் சொல்வதைவிடத் திறந்த பேரேட்டில் உள்ள பத்துத் திருத்தங்கள் தெளிவாகப் பேசும்.

திருத்தம் எழுதுவதற்கு முன்பே செய்யக்கூடிய தொண்டும் ஒன்று உண்டு. பிறர் அனுப்பும் திருத்தங்களைப் படிப்பது, தம் கணிப்பொறியில் இயக்கிப் பார்ப்பது, சரியாக இயங்கினால் இயங்கியதென்றும், இயங்காவிடில் இயங்கவில்லை என்றும் எழுதுவது. எழுதுபவர் பலர் இருக்கின்றனர். சோதிப்பவர் எங்கும் போதவில்லை. மேலே கண்ட இரு நிகழ்ச்சிகளிலும் உலகுக்குக் குறைவாக இருந்தது சோதிக்கும் கண்களே.

சங்கங்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. கல்வி நிதி ஒதுக்கும் சங்கங்கள், தம் படிப்பகத்தில் ஒரு கணிப்பொறியையும் ஒரு சி மொழிப் பாடநூலையும் வைக்கலாம். மாலையில் இரண்டு மணி நேரம் அங்கத்தினர் பிள்ளைகள் கூடிப் பயிலலாம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் குறை சொல்லட்டும். அவர்களுள் எவரேனும் முதல் திருத்தத்தை அனுப்பி அது ஏற்கப்படுமானால், அச்செய்தியை நம் மாத இதழுக்கு எழுதியனுப்புமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அது எழுத்துப் பிழையைத் திருத்திய ஒரே வரியாக இருந்தாலும் சரி, மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.